ஓய்வுநாளில் தண்ணீர் கேட்ட கூரை

ஒரு கல்லூரிச் சாப்பாட்டுக் கூடம். அதே கல்லூரியில் ஒரு மாட்டுக் கொட்டகை, பெண்கள் விடுதியைச் சுற்றி ஆள் உயரத்துக்கு மேல் ஒரு மதில் சுவர். சென்னைக்கு வந்தபிறகு தியாகராய நகரில் துணிக்கடை மாடிகள், மயிலாப்பூர் சந்துகளில் கணக்கில்லாத சமையலறைகள், அடையாறில் ஒரு தேவாலயம். இத்தனையும் நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் கட்டியது. கையில் ஒரு கொத்துக்கரண்டி, ஒரு ரசமட்டம், தலைக்குள் கொஞ்சம் திமிர். மூலதனம் அவ்வளவுதான். இன்றுவரை ஒன்றும் விழவில்லை.

"விழலைங்கறதெல்லாம் ஒரு பெருமையா?" என்கிறாள் ஹெலன்.

ஹெலன் என் மனைவி. பி.ஏ. படித்தவள். வாராவாரம் நான் எழுதுவதைப் பிழை திருத்திப் பத்திரிகைக்கு அனுப்புகிறவள். என் பெருமைகளையும் பிழைக் கணக்கில் சேர்த்து அடித்துவிடுவாள். அவள் அடுப்படிக்குப் போனதும் நான் மறுபடி எழுதிவிடுவேன். ஆகவே இந்தத் தொடரில் நீங்கள் படித்த என் பெருமை ஒவ்வொன்றும் இரண்டு தடவை எழுதப்பட்டது. அந்த உழைப்பையும் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள்.

இந்த வாரம் அடையாறு கூரை.

கீழே சனி, மேலே வெள்ளி

தொண்ணூறுகளின் ஆரம்பம். கத்திரி வெயில் காலத்தில் ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம். நான் கூரை மேல் நிற்கிறேன். கணுக்கால்வரை காங்கிரீட். சிந்தாதிரிப்பேட்டைக் கன்னியப்பனும் அவன் ஆட்களும் சாரத்தில் வரிசையாக நின்று கைக்குக் கை சட்டி மாற்றுகிறார்கள். கீழே கலவை மெஷின் கடகடவென்று பல்லைக் கடிக்கிறது. மேற்கு மூலையில் நாலு பாய் விரிக்கிற இடம் பாக்கி.

தெரியாதவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். நாங்கள் அட்வென்டிஸ்ட் சபையார். எங்களுக்கு ஓய்வுநாள் ஞாயிறு அல்ல, சனி. அதுவும் வெள்ளிக்கிழமை சூரியன் இறங்கும்போதே தொடங்கிவிடும். மறுநாள் சூரியன் இறங்கும்வரை வேலை கிடையாது, வியாபாரம் கிடையாது. நம்மிடம் கூலிக்கு நிற்பவரும் வேலை செய்யக் கூடாது.

அப்படியானால் ஞாயிற்றுக்கிழமை காங்கிரீட் போட்டிருக்கலாமே என்று கேட்பீர்கள். மெஷின் எங்களுக்குக் கிடைத்தது வியாழனும் வெள்ளியும்தான். வியாழக்கிழமை முழுக்க அது இருமிக்கொண்டே இருந்து வேலைக்கு வராமல் போய்விட்டது. வெள்ளி விடியலில் உயிர் வந்தது. கூரையை ஆரம்பித்தால் ஒரே மூச்சில் முடிக்க வேண்டும். பாதியில் நிறுத்தினால் ஒட்டு விழும், ஒட்டு விழுந்த இடத்தில் ஆயுளுக்கும் ஒழுகும்.

கீழே வேப்பமரத்தடியில், வெள்ளைச் சட்டை, கையில் கடிகாரத்தோடு தேவசகாயம் சார். எங்கள் கல்லூரியில் கணக்குப் பேராசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர், ஹெலனுக்குப் பாடம் எடுத்தவர், அடையாறு சபையின் மூப்பர். அவர் தொண்டையைச் செருமினால் போதகரே பிரசங்கத்தைச் சுருக்கிக்கொள்வார்.

"மாணிக்கம்! நிறுத்துங்க. சூரியன் போயிடுச்சு."

"எங்க சார் போச்சு? என் மூஞ்சிக்கு நேராத்தான் நிக்குது."

"இங்க இருட்டிட்டு வருது."

"நீங்க மரத்தடியில நிக்கறீங்க. உங்களுக்குக் கீழ சனிக்கிழமை வந்துட்டுது. எனக்கு மேல இன்னும் வெள்ளிக்கிழமைதான்."

கன்னியப்பன் சட்டியோடு குலுங்கிச் சிரித்தான். "இன்னா நைனா, ஒரே வூட்ல ரெண்டு கெழமையா?"

கணக்கு வாத்தியார் அல்லவா, நேரில் பார்க்காமல் ஒப்புக்கொள்வாரா? செருப்பைக் கழற்றிவிட்டுச் சாரப் பலகையில் ஏறினார். எழுபதைத் தொட்டவர். நான் கை கொடுத்தேன், பிடிக்கவில்லை. மேலே வந்து மேற்கே பார்த்தார். கிண்டிக் காட்டு மரங்களுக்கு மேல் சூரியன் அரைத் தட்டாக, செக்கச் சிவந்து உட்கார்ந்திருந்தது.

நெற்றியில் கையை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்தார். "வெள்ளிக்கிழமைதான்" என்றார். அப்புறம் சட்டைக் கையை மடித்துக்கொண்டு வரிசையில் நின்றுவிட்டார். "என்ன பாக்கறீங்க? சட்டி வரட்டும். சூரியன் உங்களுக்காக நிக்காது."

கடைசிச் சட்டியை அவர் கையிலிருந்துதான் வாங்கினேன். மட்டப்பலகையால் இழுத்துவிட்டு நிமிர்ந்தேன். மரங்களுக்குமேல் ஒன்றுமில்லை. அப்படியொரு முடிவை எந்த இன்ஜினியரும் வரைபடத்தில் போட முடியாது.

தாகம்

கதை அங்கேயே முடிந்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்!

கூரை போட்டால் மட்டும் போதாது. மறுநாள் காலையிலிருந்து அதற்குத் தண்ணீர் காட்ட வேண்டும். சாக்கு விரித்து நனைத்து, அப்புறம் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்தி, குழந்தை மாதிரி பார்த்துக்கொள்ள வேண்டும். கத்திரி வெயிலில் முதல் நாள் காயவிட்டால் மேலெல்லாம் மயிரிழை மயிரிழையாக வெடிக்கும். வெள்ளிக்கிழமையே ஊற்றி வைப்பதுதானே என்றால் அதுவும் ஆகாது. பச்சைக் காங்கிரீட்டில் தண்ணீர் விட்டால் சிமெண்ட் பால் கழுவிக்கொண்டு போய்விடும்.

"நாளைக்குக் காலைல தண்ணி ஊத்தணும் சார்" என்றேன், சாரத்தை விட்டு இறங்கும்போது.

"ஞாயித்துக்கிழமை ஊத்துங்க."

"அதுக்குள்ள வெடிச்சிடும்."

"ஓய்வுநாள்ல மோட்டார் போட்டு, ஆள் வச்சு, கோயில் கட்டற வேலையா? நீங்களே சொல்லுங்க."

கன்னியப்பன் குறுக்கே வந்தான். "நாங்க வந்து ஊத்திட்டுப் போறோம் சார். எங்களுக்குச் சனிக்கெழமன்னா இன்னா கீது?"

"நீங்க எங்களுக்காகத்தானே ஊத்துவீங்க கன்னியப்பன்? அப்ப அது எங்க வேலைதான்" என்றார் சார். அவனுக்கும் ஆட்களுக்கும் மறுநாள் விடுமுறை சொல்லி, சனிக்கிழமை மதியச் சாப்பாட்டுக்கு வரச் சொல்லி அனுப்பிவிட்டார்.

எனக்கு எப்படி இருந்திருக்கும்? கூலி வாங்காமல் கட்டுகிற கூரை. என் பெயருக்கு அதுதான் மகுடம் என்று நினைத்திருந்தேன். வெடித்தால் ஊரெல்லாம் சிரிக்கும். ஊற்றினால் ஹெலன் சபையில் தலை நிமிர்ந்து உட்கார முடியாது. சின்ன வயதிலிருந்து ஒரு ஓய்வுநாளையும் விடாதவள் அவள்.

வீட்டுக்கு வந்து அவளிடம் சொன்னேன். அவள் அவசரப்படவில்லை.

"கூரை வெடிச்சா பூசிக்கலாங்க. ஓய்வுநாள் வெடிச்சா எதை வச்சுப் பூசறது?" என்றாள்.

பி.ஏ. படித்தவளைக் கட்டிக்கொண்டால் இதுதான் கஷ்டம்.

வேலை செய்யாத நாளுக்குச் சோறு

இங்கே கொஞ்சம் பின்னால் போகிறேன். இல்லாவிட்டால் மறுநாள் நடந்தது விளங்காது.

எங்கள் கல்லூரி ஊருக்கு வெளியே செம்மண் மேட்டில் இருந்தது. எங்கள் கல்லூரி என்று நான் சொன்னால் சிலர் சிரிப்பார்கள். நான் அங்கே படிக்கவில்லை, சுவர் எழுப்பினேன். படித்தவர்கள் மூன்று வருஷத்தில் போய்விட்டார்கள். என் சுவர் அங்கேயே நிற்கிறது. யாருடைய கல்லூரி?

சாப்பாட்டுக் கூடம் கட்டப் போன முதல் சனிக்கிழமை, வழக்கம்போல் கரண்டியைத் தூக்கிக்கொண்டு போனேன். கேட்டில் இருந்தவர், "இன்னிக்கு வேலை இல்ல தம்பி. மணி அடிச்சா சாப்பிட வா" என்றார். அதுவரை என் வாழ்க்கையில் வேலை செய்யாத நாளில் யாரும் எனக்குச் சோறு போட்டதில்லை. கத்திரிக்காய்க் குழம்பும் கெட்டித் தயிரும். அடுத்த சனிக்கிழமை மணிக்கு முன்னாலேயே போய்ப் பாட்டும் கேட்டேன்.

அங்கே படிக்கிற பிள்ளைகள் எல்லோரும் கல்லூரியில் ஏதாவது ஒரு வேலை செய்தாக வேண்டும். ஹெலனுக்கு மாட்டுக் கொட்டகை. கொட்டகை கட்டியது நான். தொட்டி மட்டம் சரியில்லை, கன்றுக்குட்டிக்கு எட்டவில்லை என்று என்னிடம் சண்டைக்கு வந்தாள். என் வேலையில் குற்றம் கண்ட முதல் ஆள். அன்றே முடிவு செய்துவிட்டேன், இவளை வெளியே விட்டுவைத்தால் ஆபத்து என்று.

பெண்கள் விடுதி மதிலை அதற்கப்புறம்தான் எழுப்பச் சொன்னார்கள். எழுப்பினேன். எனக்கு எதிராக நானே கட்டிய சுவர் அது. ஆனாலும் மட்டம் பிசகவில்லை, பார்த்துக்கொள்ளுங்கள்.

கல்லூரித் தொட்டியில் முழுக்கு ஞானஸ்நானம் வாங்கினேன். கல்யாணமும் அங்கேயே. நான் கட்டிய சாப்பாட்டுக் கூடத்தில் நானே பந்தியில் உட்கார்ந்தேன்.

காபி இல்லாத வீடு

சபையில் சேர்ந்ததும் விட்டது பீடி. அது பெரிதில்லை. காபியையும் விட வேண்டும் என்றார்கள். அங்கேதான் என் விசுவாசம் ஆட்டம் கண்டது.

சென்னையில் எங்களுக்குக் குடக்கூலி வீடு கிடைத்ததோ மயிலாப்பூரில், குளத்துக்குப் பின் சந்தில். விடிந்தால் அக்கம்பக்கம் அத்தனை வீட்டிலும் டிகாக்‌ஷன் இறங்கும். நான் வாசலில் நின்று மூச்சை மட்டும் உள்ளே இழுத்துக்கொள்வேன். குடிக்கக் கூடாது என்றுதான் சபை சொன்னது, மோந்து பார்க்கக் கூடாது என்று சொல்லவில்லை. ஹெலன் கோதுமையை வறுத்துப் பொடித்துக் கறுப்பாக ஒன்று போட்டுத் தருவாள். அதைப் பற்றி எழுத மாட்டேன். அவள்தான் பிழை திருத்துகிறாள்.

மாடியில் இருந்த வீட்டுக்கார மாமிக்கு எங்களைப் பார்த்து ஒரே குழப்பம்.

"ஹெலன், உங்காத்துல காபி கிடையாது, கறி மீன் கிடையாது, வெள்ளிக்கிழமை அஸ்தமனத்துக்குள்ள வீட்டை மெழுகிட்டுப் பாட்டுப் பாடறேள். எங்களைவிட ஆசாரமா இருந்துண்டு, கிறிஸ்தவாள்ங்கறேளே!"

"நீங்களும் அப்பதானே மாமி விளக்கேத்தறீங்க?"

"ஆமாண்டி. அதான், நீ பாட ஆரமிச்சா எனக்கு மணி பார்க்க வேண்டாம். திரியைப் போட்டுடறேன்."

தியாகராய நகரில் எனக்கு வேறு பெயர். உஸ்மான் ரோடு கடைக்காரர்கள், தெற்கத்திக்காரர்கள், தீபாவளிக்கு முன் மாடியை எழுப்பியாக வேண்டும் என்று காலில் வெந்நீர் ஊற்றிக்கொண்டு நிற்பார்கள்.

"சனிக்கிழம வர மாட்டீரா? எதுக்குய்யா?" என்றார் ஒரு அண்ணாச்சி.

"ஓய்வுநாள் அண்ணாச்சி."

"அப்ப ஞாயித்துக்கிழம?"

"ஞாயித்துக்கிழமை விடிஞ்சதும் நிப்பேன்."

"ஊர்ல எவனும் ஞாயித்துக்கிழம வர மாட்டேங்கான். நீரே வாரும்." அந்த வேலை எனக்கு வந்தது. வராமல் போன வேலைகளும் உண்டு. மாம்பலம் வட்டாரத்துச் சித்தாள்கள் எனக்குச் 'சனி மேஸ்திரி' என்று பெயர் வைத்தார்கள். நல்ல நாளில் கல்லிடக் கூப்பிடுகிற ஆளுக்கு எப்பேர்ப்பட்ட பெயர்! அதையும் தாங்கித்தான் மேலே வந்தேன்.

பேசின்

அடையாறுக்குத் திரும்புகிறேன். சனிக்கிழமை காலை. கூரை மேல் இரும்புச் சட்டி மாதிரி வெயில். கட்டுமானத்துக்குப் பக்கத்தில் ஆஸ்பெஸ்டாஸ் ஷெட்டில் ஆராதனை. நான் ஜன்னல் ஓரம் உட்கார்ந்தேன். போதகர் என்ன பேசினார் என்று கேட்காதீர்கள். கூரை விளிம்பில் காங்கிரீட் வெளுத்துக்கொண்டு வருவது மட்டும்தான் தெரிந்தது.

அன்றைக்குத் திருவிருந்து நாள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை வரும். அப்பம் புசிக்கும் முன் எங்கள் சபையில் ஒருவர் காலை ஒருவர் கழுவ வேண்டும். ஆண்கள் ஒருபுறம், பெண்கள் ஒருபுறம், இரண்டிரண்டு பேராக. யாரோடு மனத்தாங்கலோ அவர் காலைக் கழுவுவது விசேஷம். பேசின், துண்டு எல்லாம் சபையிலேயே இருக்கும்.

ஆண்கள் வேப்பமரத்தடியில் கூடினோம். தேவசகாயம் சார் பேசினோடு நேரே என்னிடம் வந்தார். நாற்காலியைக் காட்டினார்.

"நான் முதல்ல கழுவறேன் சார்."

"உக்காருங்க மாணிக்கம்."

மண்டி போட்டு உட்கார்ந்தார். முழங்கால் எலும்பு சத்தம் எனக்குக் கேட்டது. என் கால் எப்படி இருக்கும் என்று நினைக்கிறீர்கள்? இத்தனை வருஷச் சிமெண்ட் தின்ற கால். வெடிப்பில் கட்டைவிரல் போகும். அவர் ஒவ்வொரு வெடிப்பாகத் தண்ணீர் விட்டுக் கழுவினார்.

"ஏற்கெனவே இவ்வளவு வெடிச்சிருக்கே" என்றார்.

"தண்ணி காட்டலை சார்" என்றேன்.

தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார். அப்புறம் நான் அவர் காலைக் கழுவினேன். முந்தின நாள் கலவை அவர் நகக்கண்ணிலும் ஒட்டியிருந்தது.

அந்த நேரத்தில் பெண்கள் பக்கம் முடிந்து வெளியே வந்தார்கள். கழுவின தண்ணீரை வேப்பமரத்தில் ஊற்றுவதுதான் வழக்கம். ஹெலன் முதலில் வந்தாள், இடுப்பில் பேசின். வேப்பமரத்தைத் தாண்டினாள். சாரப் பலகையில் காலை வைத்தாள்.

"ஹெலன், எங்கம்மா போறே?" என்றார் சார்.

"தண்ணி கொட்டப் போறேன் சார்."

"அங்கயா?"

"கால் கழுவின தண்ணிய எங்க கொட்டணும்னு சபையில தீர்மானம் எதாவது இருக்கா சார்?"

இல்லை. எல்லாவற்றுக்கும் தீர்மானம் போடுகிற சபையில் அதற்கு மட்டும் போடவில்லை.

"அம்மா, மாணிக்கத்துகிட்ட நேத்தே பேசியாச்சு. ஓய்வுநாள்ல..."

"காலேஜ்ல சனிக்கிழமை காலைல மாட்டுக்குத் தண்ணி காட்ட என்னைத்தான் சார் அனுப்புவீங்க. அது வேலை இல்ல, அதுக்கு உயிர் இருக்குன்னு நீங்கதான் சொன்னீங்க."

"சொன்னேன். இந்தக் கூரைக்கு உயிர் இருக்கா?"

"கூரைக்கு இல்ல சார். எங்க வீட்டுக்காரருக்கு இருக்கு. நேத்து ராத்திரி அவர் கண்ணு மூடல."

நான் தூங்காததை அவள் கவனித்தது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. முதுகைக் காட்டிப் படுத்திருந்தாள்.

தேவசகாயம் சார் குனிந்து எங்கள் இருவர் கால் கழுவின பேசினை எடுத்தார். தண்ணீர் சிந்தாமல் நிமிர்ந்தார். "மோட்டார் வேண்டாம். குழாய் வேண்டாம்" என்றார் கூட்டத்தைப் பார்த்து. "கழுவினவங்க கொண்டுபோய்க் கொட்டலாம்." முந்தின நாள் ஏறின அதே பலகையில் ஏறினார். இந்தத் தடவை என் கையைப் பிடித்துக்கொண்டார்.

அப்புறம் நடந்ததைப் பார்க்கக் கொடுத்து வைத்திருக்க வேண்டும். பட்டுப்புடவையும் வெள்ளைச் சட்டையுமாகச் சபை முழுக்கப் பேசினோடு சாரத்தில் வரிசை. மேலே வெறுங்கால் பொசுங்கியது. சாரத்து ஓரம் அடுக்கியிருந்த சாக்கை ஆளுக்கொன்றாக விரித்து அதன்மேல் நின்றுகொண்டார்கள். சாக்கு விரிந்தது, சாக்கின்மேல் தண்ணீர் விழுந்தது. எனக்கு வேறென்ன வேண்டும்?

தண்ணீர் போதவில்லை என்று தெரிந்ததும் சபையாருக்குத் தாழ்மை பொங்கிவிட்டது. கழுவின காலையே மறுபடி கழுவினார்கள். சின்ன பேசின் போய்ப் பெரிய வாளி வந்தது. பக்கத்து வீட்டு அம்மாளோடு பல வருஷமாகப் பேச்சில்லாமல் இருந்த ஒருவர், அந்த அம்மாள் காலை முழங்கால்வரை ஊறவைத்துக் கழுவினார். போதகர் கடிகாரத்தைப் பார்த்துவிட்டுப் பார்க்காதது போல் இருந்தார். அன்றைக்குத் திருவிருந்து தொடங்க வெகுநேரம் ஆயிற்று. எங்கள் சபையில் அவ்வளவு சுத்தமான காலோடு யாரும் அதற்கு முன்னும் பின்னும் அப்பம் புசித்ததில்லை.

மதியம் சாப்பாட்டுக்கு வந்த கன்னியப்பன் கூரை சொட்டச் சொட்ட நனைந்திருப்பதைப் பார்த்தான்.

"வேலை செய்யக் கூடாதுன்னீங்க. யார் நைனா ஊத்துனது?"

"யாரும் ஊத்தலடா. கால் கழுவினோம்."

"இவ்ளோ காலா?" என்றான்.

கல்

கூரை வெடிக்கவில்லை. ஒரு மயிரிழைகூட இல்லை. எத்தனையோ ஐப்பசி மழை பார்த்துவிட்டது, ஒரு சொட்டு உள்ளே விழவில்லை. சந்தேகம் இருக்கிறவர்கள் அடைமழையில் வந்து நடுவில் உட்கார்ந்து பார்க்கலாம்.

ஆனால் வாசலில் பதித்த கல்லில் என்ன இருக்கிறது? கல் நாட்டியவர் பெயர், திறந்து வைத்தவர் பெயர், ஜெபித்தவர் பெயர், மூப்பர் பெயர். தேவசகாயம் சார் பெயர் இருப்பதில் எனக்கு மறுப்பில்லை, அவர் சட்டி தூக்கினவர். கட்டினவன் பெயர் எங்கே? கல்லூரிச் சாப்பாட்டுக் கூடத்திலும் அப்படித்தான், ரிப்பன் வெட்டினவர் பெயர்தான் இருக்கிறது.

இப்போது சபையில் வெள்ளை அடித்து, பழைய கல்லை எடுத்துவிட்டுக் கிரானைட்டில் புதுக் கல் வைக்கப் போகிறார்கள். ஆகவே இந்தப் பத்திரிகை மூலமாகச் சபையாருக்குக் கேட்கும்படி சொல்கிறேன். கடவுளுக்கு மகிமை போகட்டும், அதை நான் தடுக்கவில்லை. அவர் சாரம் கட்டவில்லை. என் பெயரைப் பொறியுங்கள்: கூரை, மாணிக்கம் மேஸ்திரி. அதற்குக் கீழே: தண்ணீர், ஹெலன் மாணிக்கம். இரண்டும் இல்லாமல் கல் பதித்தால் நானே கரண்டியோடு வந்து பெயர்ப்பேன். எந்தக் கலவை எப்படிப் பெயரும் என்று எனக்குத் தெரியும். சனிக்கிழமை வர மாட்டேன், ஞாயிற்றுக்கிழமை வருவேன்.

ஹெலன் இந்த இடத்துக்கு வந்ததும் தன் பெயரை அடித்துவிட்டாள். "எனக்கெதுக்குங்க கல்லு?" என்கிறாள். அவள் அடுப்படிக்குப் போய்விட்டாள். நான் மறுபடி எழுதிவிட்டேன்.

ஆசிரியர் அவர்களே, அவள் திரும்பவும் அடித்து அனுப்பினால் நீங்கள் சேர்த்துக்கொள்ளுங்கள். இரண்டு பெயரும் வர வேண்டும். என்னுடையது மேலே இருக்கட்டும். கூரை மேலேதானே இருக்கிறது.